ஒரு கேன் தண்ணீருக்கு ஒரு மணி நேர ஃபேன்! நெம்மேலி டு கல்பாக்கம்... ஒரு கடல்நீர் ட்ரிப்

ஈ.சி.ஆர் என்றதும் என்ன ஞாபகம் வரும்? முட்டுக்காடு போட்டிங், கோவளம் மீன் வறுவல், திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாள், வடநெம்மேலி முதலைப் பண்ணை, கடைசியில் மாமல்லபுரம். இந்த வரிசையில் நாம் கவனிக்காமல் கடந்துபோகும் ஓர் இடம் உண்டு. முதலைப் பண்ணையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கடல் பக்கமாக நீளும் மதில் சுவர், அதற்குள் பெரிய பெரிய தொட்டிகள், குழாய்கள். அதுதான் நெம்மேலி கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம். தென்சென்னையில் குடியிருப்பவர் என்றால், இன்று காலை நீங்கள் குடித்த காபியில்கூட இந்தக் கடல் கலந்திருக்கலாம்.

இங்கே 2013 பிப்ரவரியில் தினமும் 10 கோடி லிட்டர் தரும் முதல் ஆலை திறக்கப்பட்டது. பக்கத்திலேயே 15 கோடி லிட்டருக்கான இரண்டாவது ஆலை 2024 பிப்ரவரியில் வந்தது. அருகிலுள்ள பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலைக்கு 2023 ஆகஸ்ட்டில் அடிக்கல் நாட்டினார்கள். வடக்கே மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் 2010-லிருந்து ஓர் ஆலை இருக்கிறது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். நெம்மேலியின் முதல் ஆலை மட்டும் ஒரு நாளைக்குத் தருவது அப்படி 40 ரயில்களின் தண்ணீர்!

அப்புறம் என்ன, கடல் வற்றவா போகிறது? வற்றாது. ஆனால், கரன்ட் பில் வரும்.

கார் டயரைப் போல 25 மடங்கு

உப்பையும் தண்ணீரையும் பிரிப்பது லேசான வேலை இல்லை. நெம்மேலியில் நடப்பது நம் வீட்டு வாட்டர் ப்யூரிஃபையரில் நடக்கும் அதே ஆர்.ஓ-தான். நுண்ணிய சவ்வு வழியே தண்ணீரை அழுத்தித் தள்ளினால், தண்ணீர் அந்தப் பக்கம் போகும். உப்பு இந்தப் பக்கமே நிற்கும். ஆனால், கடல்நீருக்குச் சுமார் 60 பார் அழுத்தம் வேண்டும். உங்கள் கார் டயரில் இருக்கும் அழுத்தத்தைப் போல 25 மடங்குக்கும் மேல்! அவ்வளவு வேகமாகத் தள்ளும் பம்புகளுக்குத்தான் மின்சாரம் போகிறது.

இன்றைய நல்ல ஆலைகளில் 1,000 லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் ஆகிறது. 1970-களில் இது இதைப்போல நான்கைந்து மடங்கு இருந்தது. எப்படிக் குறைந்தது? சவ்வுகள் மேம்பட்டது ஒரு காரணம். இன்னொன்று, பார்க்கச் சாதாரணமாகத் தெரியும் ஓர் உருளை. உள்ளே தள்ளும் கடல்நீரில் பாதிக்கும் மேல் அடர் உப்புநீராக வெளியே வருகிறது. வரும்போது அழுத்தத்தையும் சுமந்துகொண்டே வருகிறது. முன்பு அது வீணானது. இப்போது இந்த உருளை அந்த அழுத்தத்தில் 95 சதவிகிதம் வரை பிடித்து, புதிதாக உள்ளே வரும் கடல்நீருக்கே கொடுத்துவிடுகிறது. இறங்குகிறவர் கையைப் பிடித்து ஏறுகிறவரைத் தூக்கிவிடுவதுபோல!

நம் பாஷையில் கணக்குப் போடுவோம். 20 லிட்டர் கேனுக்கு 0.07 யூனிட். ஒரு சீலிங் ஃபேன் ஒரு மணி நேரம் ஓடும் மின்சாரம். அவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால், நெம்மேலியின் இரண்டு ஆலைகளும் முழுமையாக ஓடினால், 1,000 லிட்டருக்கு 3.5 யூனிட் வீதம் தினமும் 8.75 லட்சம் யூனிட். இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் செலவழிக்கும் ஒன்றே முக்கால் லட்சம் வீடுகளின் மின்சாரம் அது. இதில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வந்தால், தண்ணீர்ப் பஞ்சத்துக்குக் காரணமான பருவநிலை மாற்றத்தை நாமே கொஞ்சம் வளர்க்கிறோம் என்றும் அர்த்தம்.

கல்பாக்கத்தில் இன்னொரு வழி

மாமல்லபுரத்தில் ஓர் இளநீர் குடித்துவிட்டுத் தெற்கே போனால் கல்பாக்கம். சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் பழைய கோட்டையைப் பார்க்கலாம். அணுமின் வளாகத்துக்குள் நினைத்த நேரத்தில் போய்விட முடியாது. ஆனால், அங்கே தினமும் 63 லட்சம் லிட்டர் கொள்ளளவு கொண்ட, பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஆலை இருக்கிறது. அதில் 18 லட்சம் லிட்டர் ஆர்.ஓ, மீதி 45 லட்சம் லிட்டர் கொதிக்க வைத்து ஆவியாக்கும் முறை.

கொதிக்க வைப்பதா? வீட்டில் 1,000 லிட்டர் தண்ணீரை முழுக்க ஆவியாக்க, துளி வெப்பம் வீணாகாவிட்டாலும் சுமார் நான்கு கேஸ் சிலிண்டர் காலியாகும். கல்பாக்கத்தில் இரண்டு தந்திரங்களால் அதைச் சமாளிக்கிறார்கள். காற்றழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்தால் தண்ணீர் 100 டிகிரிக்குக் கீழேயே கொதிக்கும். அந்த ஆவி குளிரும்போது விடும் வெப்பம், அடுத்து வரும் கடல்நீரைச் சூடாக்கும். தேவையான நீராவியும் பக்கத்து மின்நிலையத்திலிருந்தே வருகிறது. இத்தனைக்குப் பிறகும், மொத்த ஆற்றல் கணக்கில் ஆர்.ஓ-தான் சிக்கனம். அதனால்தான் ஆவி முறையை நம்பியிருந்த வளைகுடா நாடுகளே இப்போது ஆர்.ஓ பக்கம் திரும்புகின்றன.

லட்சத்தீவின் கவரத்தியில் மூன்றாவது வழி. சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2005-ல் அமைத்த ஆலை அது. வெதுவெதுப்பான மேல்மட்டக் கடல்நீரை வெற்றிடத்தில் ஆவியாக்கி, ஆழ்கடலின் குளிர்நீரால் குளிர வைக்கிறார்கள். தினமும் ஒரு லட்சம் லிட்டர். கரையை ஒட்டியே ஆழம் இருக்கும் தீவுகளுக்கு இது தோதானது.

யூனிட் கணக்கில் வராதவை

நெம்மேலிக்குப் பக்கத்தில்தான் சூளேரிக்காட்டுக்குப்பம். ஆலை வந்த பிறகு கரை அரிக்கப்படுவதாகவும், உப்பு அடர்ந்த கழிவுநீரால் மீன்வளம் குறைவதாகவும் அங்குள்ள மீனவர்கள் பல வருடங்களாகச் சொல்லிவருகிறார்கள். நகரத்துக்குத் தண்ணீர் போகும் அதே கடலில்தான் அவர்களின் பிழைப்பும் இருக்கிறது. எந்த யூனிட் கணக்கிலும் இது வருவதில்லை.

சரி, நாம் என்ன செய்யலாம்? அடுத்த முறை ப்யூரிஃபையரைப் போடும் முன், ஒரு டி.டி.எஸ் மீட்டரால் குழாய்த் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். ஆர்.ஓ-வில் ஏற்கெனவே சுத்தமான தண்ணீரை வீட்டில் மறுபடி ஆர்.ஓ செய்து, ஒரு லிட்டருக்கு இரண்டு, மூன்று லிட்டரைச் சாக்கடையில் விடும் வீடுகள் ஏராளம். 500-க்குக் கீழே காட்டினால், உப்பை நீக்குவதற்காக ஆர்.ஓ தேவையே இல்லை, யு.வி ஃபில்டரோ, காய்ச்சிக் குடிப்பதோ போதும். சொட்டும் குழாயைச் சரிசெய்தால், மிச்சமாவது தண்ணீர் மட்டுமல்ல, மின்சாரமும்தான்.

கடைசியாக ஒரு கணக்கு. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மி.மீ மழை பெய்கிறது. 600 சதுர அடி மொட்டை மாடியில் விழுவதைச் சேமித்தால், வழியில் வீணாவது போக 60,000 லிட்டர் கிடைக்கும். கடலிலிருந்து அதை எடுக்க 200 யூனிட் வேண்டும். மழை அதை இலவசமாக மாடிக்கே கொண்டுவந்து தருகிறது. ஐப்பசி பிறப்பதற்குள் உங்கள் வீட்டு மழைநீர்க் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்!