மிஷன் பள்ளிக்கூடமும் நம் குழந்தைகளும்

ஒரு பள்ளிக்கூடத்தின் தரத்தை அளக்க நம்மவர் கையாளும் கோல் ஒன்றே. பரீட்சையில் எத்தனை பேர் தேறினர், அவருள் எத்தனை பேர் பெயர்பெற்ற உயர்நிலைப் பள்ளிகளுக்குச் சென்றனர் என்பதே அக்கோல். கிறிஸ்தவ சபைகளைச் சார்ந்த ஆரம்பப் பள்ளிகளைப் பற்றிச் சிங்கையில் பேச்செழும் போதெல்லாம் பெற்றோர் அதனையே நீட்டுகின்றனர். அஃது ஒன்று மட்டும் போதாது என்பது என் துணிபு. அதற்கான காரணத்தை அப்பள்ளிகளின் வரலாறே கூறும்.

ஆஸ்திரேலியாவிற் பிறந்த சோபியா பிளாக்மோர் என்னும் மெதடிஸ்ட் சபை அம்மையார் 1887ஆம் ஆண்டு சிங்கப்பூர் வந்தார். வந்த சில வாரங்களுக்குள் ஷார்ட் வீதியில் ஒரு கடைவீட்டிலே பெண்பள்ளி ஒன்றைத் திறந்தார். முதல் நாள் வந்த மாணாக்கியர் ஒன்பதின்மர். அனைவரும் நம் இனத்துப் பெண்கள். பள்ளியின் பெயரே தமிழ்ப் பெண்கள் பள்ளி. தமிழ் வணிகர் சிலர் அதற்குத் துணை நின்றனர். பெண்ணுக்கு அடுப்படியே போதுமென்று ஊரார் உறுதியாய் நம்பிய காலம் அது! மறு ஆண்டு, வீட்டை விட்டு வெளிவராத நோன்யாப் பெண்களுக்காக ஒரு சீனர் இல்லத்திலே மற்றொரு பள்ளியை அவ்வம்மையார் தொடங்கினார். முன்னது இன்று மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி. பின்னது ஃபேர்ஃபீல்ட் மெதடிஸ்ட் பள்ளி.

அன்று அவ்வொன்பது பெண்களுக்கு எந்தப் பரீட்சைப் பட்டியலும் இல்லை. எவரும் அழையாத குழந்தையை அழைத்து உட்கார வைத்தமையே அப்பள்ளியின் பெருமை.

நிற்க. இன்றைய நிலை என்ன? அரசாங்க உதவி பெறும் மிஷன் பள்ளியும் அரசாங்கப் பள்ளியும் ஒரே பாடத்திட்டத்தையே போதிக்கின்றன. ஆறாம் வகுப்பு முடிவில் இரண்டின் பிள்ளைகளும் ஒரே தேர்வைத்தான் எழுதுகின்றனர். அங்ஙனமாயின், மிஷன் பள்ளிக்குரிய தனிச்சிறப்பு யாது?

அதனை நான் ஓரளவு கண்டிருக்கிறேன். 1968ஆம் ஆண்டு என்னை ஒரு மிஷன் ஆரம்பப் பள்ளியிற் சேர்த்தனர். என் தந்தையார் துறைமுகத் தொழிலாளி. வீட்டில் ஆங்கிலம் அறிந்தார் ஒருவருமிலர். எங்கள் வகுப்பு ஆசிரியை, எழுத்துக்கூட்டி வாசிக்க இயலாத அறுவரைப் பள்ளி விட்டபின் நிறுத்தி, அரைமணி நேரம் தம் பக்கத்தில் அமர்த்தி வாசிக்கச் செய்வார். அதற்குத் தனி ஊதியம் அவர் பெறவில்லை. அவ்வறுவருள் யானும் ஒருவன். ஆனால் அதே பள்ளியில் மற்ற மொழிகளுக்கு வகுப்பறை இருக்க, தமிழுக்குக் கிடைத்தது சிற்றுண்டிச்சாலையின் ஒரு மூலை. பாத்திரங்கள் கழுவும் ஓசைக்கு நடுவே நாங்கள் ஆத்திசூடி படித்தோம். எங்கள் மொழியின் மதிப்பு இவ்வளவுதான் என்று பிஞ்சு உள்ளங்கள் எண்ணிக்கொண்டால் அது யாருடைய குற்றம்?

ஆகவே தரத்தை அறிய மூன்று கேள்விகள் கேட்கவேண்டும் என்பேன்.

முதலாவது: வாயில் யாருக்குத் திறக்கிறது? சிங்கப்பூரின் சேர்க்கை முறையில் உடன்பிறந்தார், பழைய மாணவர், சபைத் தொடர்புடையார் ஆகியோரின் பிள்ளைகள் முன்னே நிற்கின்றனர். எத்தொடர்புமற்ற ஏழையின் பிள்ளை பின்னே நின்று, சீட்டு விழுமா என்று காத்திருக்க நேர்கிறது. 2022ஆம் ஆண்டுச் சேர்க்கை முதல், சபை முதலிய தொடர்புடையார்க்கு 20 இடங்களும், தொடர்பில்லாதார்க்கு 40 இடங்களும் ஒவ்வொரு பள்ளியிலும் ஒதுக்கப்படுகின்றன. இது நன்று, எனினும் பெயர்பெற்ற பள்ளிகளில் அந்த நாற்பதுக்கும் போட்டி மிகுதி.

இரண்டாவது: கடைசி இருக்கைப் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது? கெட்டிக்காரக் குழந்தை எங்கும் கற்றுக்கொள்ளும். வீட்டில் துணையும், துணைப்பாட வகுப்புக்குப் பணமும் இல்லாத குழந்தையை எத்தனை தூரம் கொண்டு சேர்க்கிறார்கள் என்பதிலேதான் ஆசிரியர்களின் திறமை விளங்கும்.

மூன்றாவது: தமிழுக்கு இடமுண்டா? சீன மொழிக்கெனச் சிறப்பிடம் பெற்ற பள்ளிகளுள் கத்தோலிக்க சபையைச் சார்ந்தனவும் உள. அங்கே தாய்மொழிப் பாடம் சீனம் ஒன்றே, தமிழ் இல்லை. மற்றப் பள்ளிகளிலும் தமிழ்ப் பிள்ளைகள் சிலரே இருப்பின், பாடம் எந்த அறையில், எந்த வேளையில் நடக்கிறது என்று கேட்டறிதல் பெற்றோர் கடமை.

மதத்தைப் பற்றிச் சிலர் அஞ்சுவர். பிற சமயப் பிள்ளைகளை வழிபாட்டுக்குக் கட்டாயப்படுத்துதல் கூடாதென்பது இன்றைய விதி. அதனைக் கேட்டுத் தெளிந்துகொண்டால் அச்சத்துக்கு இடமில்லை.

அன்பர்களே! பாதிரிமாரை வாழ்த்துவதோடும் வைவதோடும் நம் வேலை முடிந்துவிடாது. சபைத் தலைவர்கள் தம் முன்னோரின் நோக்கத்தை நினைவு கூர்ந்து, தொடர்பற்ற ஏழைக்கு வாயிலை இன்னும் அகலத் திறக்கட்டும். அப்பள்ளிகளிற் படித்து உயர்ந்த தமிழர், தம் குழந்தைக்குக் கிடைத்த முன்னுரிமையோடு அமைந்துவிடாது, பின்வரிசைப் பிள்ளைக்கு வாரம் ஒரு மணி நேரமாவது சென்று கற்பிக்கட்டும். 1887இல் கடைவீட்டுப் பள்ளிக்குத் தோள் கொடுத்த வணிகர்களிடம் நம்மைவிட அதிகப் படிப்பு இருந்திராது. அவர்கள் செய்ததை நாம் செய்ய இயலாதா?