கடைமடைக்காரனின் அருவிக் குளியல்

புரட்டாசி, செவ்வாய்க்கிழமை. காங்கேயம்.

காலாண்டு விடுமுறைக்கு வந்த பேத்திக்கு இப்போது விக்டோரியா அருவிப் பித்து. ஜிம்பாப்வேயில் இருக்கும் சொந்தக்காரப் பையன் ஏப்ரல் மாதம் அனுப்பிய வாட்ஸப் வீடியோவை யாரோ அவளுக்குக் காட்டிவிட்டார்கள். ஏப்ரலில்தான் அங்கே முழு வெள்ளம். 1,700 மீட்டர் அகலத்துக்கு ஜாம்பேசி ஆறு மொத்தமும் நூறு மீட்டருக்கு மேல் கீழே போய் விழுகிறது. 1855-ல் அதைப் பார்த்த லிவிங்ஸ்டன் தன் ராணியின் பெயரைச் சூட்டிவிட்டார்.

"அங்க குளிக்கலாமுங்களா அப்புச்சி?"

"அதுக்கடியில நின்னா ஆளு தேறாது கண்ணு."

குளிக்க விடாத அருவி என்ன அருவி என்று முகம் சுருங்கிவிட்டது. சரி, கிளம்பு திருமூர்த்திமலைக்கு என்றேன்.

காலை. தாராபுரம் வழியாகப் போனோம். கிளுவை வேலி போட்ட கொரங்காட்டு மேய்ச்சல் நிலங்களில் வெள்வேல மர நிழல் தேடி மயிலை மாடுகள் நின்றன. தாராபுரம் தாண்டினால் உடுமலை வரை காற்றாலைகள்தான். அவசரம் ஒன்றுமில்லை, உடுமலையில் இறங்கி நிதானமாகக் காபி குடித்தோம்.

திருமூர்த்திமலை அடிவாரத்து அமணலிங்கேசுவரர் கோயிலில் பாறையே சாமி. பிரம்மா, விஷ்ணு, சிவன் மூவரும் அதில் ஒன்று. பக்கத்திலேயே ஆறு ஓடுகிறது. மலையில் பெரிய மழை பெய்தால் வெள்ளம் கோயிலுக்குள்ளேயே வந்துவிடும். ஆடி அமாவாசைக் கூட்டத்தில் இங்கே கால் வைக்க இடமிருக்காது. இன்று நாங்களும் குரங்குகளும்தான்.

பஞ்சலிங்க அருவிக்கு மேலே ஏற வேண்டும். முழங்கால் முனகியது, பேத்தி முன்னால் ஓடிப் போய்த் திரும்பி வந்து, மறுபடி ஓடினாள். நல்ல தண்ணீர். முதல் அடி பிடரியில் விழுந்ததும் மூச்சு நின்று வந்தது. அப்புறம் தோள், முதுகு என்று தண்ணீர் தானாகவே பிடித்துவிட்டது. கூலி கேட்காத ஆள். மேலே மேகம் கறுத்தால் கீழே இருக்கிறவருக்குத் தெரியாது, தண்ணீர் திடீரென்று ஏறும். இறங்கச் சொன்னால் மறுபேச்சு இல்லாமல் இறங்கிவிட வேண்டும். வனத்துறைக்காரர்களோடு அங்கே வாக்குவாதம் பண்ணுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கட்டுச்சோற்றில் பாதி குரங்குக்குப் போயிற்று. பையின் ஜிப்பை நம்மைவிட நேர்த்தியாகத் திறக்கிறது.

மாலை. மலையடிவாரத்து அணைக்கரையில் உட்கார்ந்திருந்தோம். அருவித் தண்ணீர் இந்த அணைக்குத்தான் வருகிறது. ஆனால் அணை அதை நம்பி இல்லை. பரம்பிக்குளம் தண்ணீர் சுரங்கத்தில் நுழைந்து, சர்க்கார்பதியில் மின்சாரம் எடுத்துக் கொடுத்துவிட்டு, மலையைச் சுற்றிவரும் காண்டூர் கால்வாயில் 49 கிலோமீட்டர் ஓடி இங்கே சேர்கிறது. மேற்கே கடலுக்குப் போன தண்ணீரைக் கிழக்கே திருப்பலாம் என்ற யோசனையை விடாமல் சொன்னவர் வேட்டைக்காரன்புதூர் வி.கே. பழனிச்சாமிக் கவுண்டர். காமராஜரும் சி. சுப்பிரமணியமும் கையில் எடுக்க, 1961 அக்டோபர் 7-ல் நேரு திட்டத்தைத் தொடங்கிவைத்தார்.

இங்கிருந்து புறப்படும் கால்வாய்தான் கடைசியில் காங்கேயம், வெள்ளக்கோவில் பக்கம் வந்து முடிகிறது. பாசனம் நான்கு மண்டலமாக, மாறி மாறி. நம் முறை வர ஏறத்தாழ இரண்டு வருஷம். முறை வந்தாலும் வழியில் மோட்டார் வைத்து உறிஞ்சியது போக மீந்ததுதான் கடைமடைக்கு.

"நம்ம காட்டுக்கு வர்ற தண்ணியா இது?" என்று பேத்தி எழுந்து நின்று பார்த்தாள். விக்டோரியாவுக்குக்கூட அத்தனை மரியாதை கொடுக்கவில்லை.

அருவிப் பாறை இடுக்கெல்லாம் ஷாம்பூ பாக்கெட். குளிக்கப் போகிறவர்கள் தயவுசெய்து சோப்பையும் ஷாம்பூவையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். நீங்கள் குளித்த தண்ணீரும் கலந்துதான் எங்கள் வாய்க்காலுக்கு வருகிறது.