ஒரு கதவின் அகலம்

ஜெயநகரிலும் பசவனகுடியிலும் மர நிழலில் சைக்கிள் ஓட்டுவது பெங்களூரு தரும் பெரிய சுகம். ஆனால் எனக்கு அதிகமாகப் பயம் வருவதும் அந்தத் தெருக்களில்தான். ஓடுகிற வண்டிகளைவிட, இரு ஓரமும் வரிசையாக நிற்கிற கார்களைத்தான் நான் உற்றுப் பார்க்கிறேன். எந்தக் கதவு எப்போது திறக்கும் என்று யாருக்குத் தெரியும்?

கார்க் கதவு முழுக்கத் திறந்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் சாலைக்குள் நீளும். அதன் விளிம்பு பெரும்பாலும் ஹேண்டில்பாரின் இடது முனையைத் தட்டும். அந்த முனை பின்னுக்குப் போக, முன்சக்கரம் இடப்பக்கம் மடங்கும். ஓட்டுகிறவர் வலப்பக்கம், போக்குவரத்துக்கு நடுவில் போய் விழுவார். பின்னால் தண்ணீர் லாரி வந்தால் முடிந்தது. கதவு தந்த அடியைவிட, விழுந்த இடம்தான் உயிரைப் பறிக்கிறது.

அதனால் ஒரு கதவின் அகலமும் அதற்கு மேல் கொஞ்சமும் தள்ளித்தான் ஓட்டுகிறேன். பின்னாலிருந்து ஹாரன் வரும். ஓரமாகப் போகச் சொல்லி ஒருவர் கை காட்டுவார். அவர் காட்டும் ஓரத்தில்தான் கதவுகள் திறக்கின்றன. பின்னால் வருகிறவருக்கு நான் கண்ணெதிரே தெரிகிறேன், பிரேக் பிடிக்க அவருக்கு நேரம் இருக்கிறது. காருக்குள் இருப்பவர் கண்ணில் நான் படவே இல்லை. இந்தக் கணக்கு மனதில் பதிந்தால் ஹாரனுக்குப் பயந்து ஒதுங்கத் தோன்றாது. இரண்டு கார்களுக்கு நடுவே இடம் கிடைத்தால் உள்ளே போய் மறுபடி வெளியே வருவதும் ஆபத்து. நேர்கோட்டில் போகிறவரைத்தான் மற்றவர்களால் கணிக்க முடியும்.

தெரு குறுகி, தள்ளிப் போக வழியே இல்லையென்றால், நடக்கிற வேகத்துக்கு இறங்கிவிட வேண்டும். இப்போதுதான் வந்து நின்ற கார், அணைகிற பிரேக் விளக்கு, பின்கண்ணாடி வழியே தெரியும் தலை, இவையெல்லாம் கதவு திறக்கப் போவதற்கான அடையாளங்கள். சிக்னலில் நிற்கும் கேப் இன்னொரு விதம். பயணி அவசரத்தில் இடப்பக்கக் கதவைத் திறந்து அங்கேயே இறங்கிவிடுவார். நெரிசலில் இடப்புறச் சந்தில் சைக்கிளை நுழைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

2012-இல் ஜெயநகரில் சைக்கிளுக்கென்று பாதை குறித்தார்கள். கொஞ்ச நாளில் அதில் கார்கள் நின்றன. 2020-இல், கொரோனா காலத்தில், வெளிவட்டச் சாலையில் தடுப்புக் குச்சிகள் நட்டு ஒரு பாதை ஒதுக்கினார்கள். மெட்ரோ வேலை வந்ததும் அது சிதைந்தது. இரண்டையும் நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தம்தான். ஆனாலும் பார்க்கிங்கை ஒட்டினாற்போல் வெறும் கோடு போட்டுத் தருவதை நான் கேட்க மாட்டேன். அந்தக் கோடு சைக்கிள்காரரைச் சரியாகக் கதவின் வழியிலேயே கொண்டுபோய் விடும். நடுவில் ஒரு கதவின் அகலம் காலியாக விட்டால்தான் அது பாதை.

சைக்கிள்காரர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் கதவின் பிடி வேறொருவர் கையில் இருக்கிறது. நெதர்லாந்துக்காரர்களோடு சேர்த்துச் சொல்லப்படும் ஒரு பழக்கம் உண்டு: கதவுக்குத் தள்ளி இருக்கும் கையால் அதைத் திறப்பது. நம்மைப் போலவே இடப்புறம் வண்டி ஓட்டும் பிரிட்டன் 2022-இல் தன் சாலை விதித் தொகுப்பில் இதைச் சேர்த்தது. வலப்பக்கம் இருக்கும் டிரைவர் இடக்கையை நீட்டினால் தோள் தானாகத் திரும்பும்; பக்கக் கண்ணாடியும் பின்னால் வருகிறவரும் கண்ணில் படுவார்கள். இதற்குப் பணமும் வேண்டாம், டெண்டரும் வேண்டாம்.

காலையில் பள்ளிக்கூட வாசல்களில் கார் கதவுகளைப் படபடவென்று திறப்பவர்கள் பெரும்பாலும் குழந்தைகள். இந்தப் பழக்கத்தை அவர்களிடமிருந்தே தொடங்கலாம். பின்சீட்டில் வலப்பக்கம் உட்காரும் பிள்ளை இடக்கையால் திறக்கட்டும், இடப்பக்கம் உட்காரும் பிள்ளை வலக்கையால். முன்சீட்டில் இருக்கும் அப்பாவும் அம்மாவும் அதையே செய்து காட்டட்டும்.