கடைசிப் பக்கம்

பத்திரிகையைப் பின்பக்கத்திலிருந்து படிக்கும் பழக்கம் எனக்கு 1960களில் ஏற்பட்டது. அப்போது தல்லாகுளத்தில் பெருமாள் கோயிலுக்கு அருகே குடியிருந்தோம். பக்கத்து வீட்டில் ஒரு மில் குமாஸ்தா. தொழிற்சங்கக்காரர். பம்பாயிலிருந்து வரும் 'பிளிட்ஸ்' வாரப் பத்திரிகையை வாங்கிக்கொண்டு வந்தாரானால், முன்பக்கத்துப் பெரிய எழுத்துக்களைக் கண்ணெடுத்தும் பாரார். நேரே பின்பக்கத்தைத் திருப்புவார்.

"செய்திக்குத்தான் தினசரி இருக்கே தம்பி. இதை நான் வாங்குறது அப்பாஸுக்காக!" என்பார்.

இங்கிலீஷில் படித்துவிட்டு அதை அவர் மதுரைத் தமிழில் எனக்குச் சொல்லும்போது, அப்பாஸ் என்பவர் ஏதோ கோரிப்பாளையத்து மனிதர்தான் என்று எனக்குத் தோன்றும்.

குவாஜா அகமது அப்பாஸ் பிறந்தது 1914இல், பானிப்பட்டில். உருதுக் கவிஞர் ஹாலியின் கொள்ளுப் பேரர். அலிகாரில் படித்துச் சட்டப் பட்டம் பெற்றார். ஆனால் வக்கீல் தொழிலுக்குப் போகவில்லை. 1935இல் பம்பாய்க்கு வந்து 'பாம்பே கிரானிக்கிள்' தினசரியில் சேர்ந்தார். பஞ்சாப் அடக்குமுறையைக் கண்டித்து எழுதியதற்காக 1919இல் நாடு கடத்தப்பட்டாரே ஹார்னிமன் என்ற ஆங்கிலேயர், அவர் ஆசிரியராக இருந்த பத்திரிகை அது. அங்கே வேலை பழகியவருக்கு முதுகு வளையாததில் ஆச்சரியமில்லை. அங்கேதான் 'கடைசிப் பக்கம்' பிறந்தது. 1947இல் அந்தப் பக்கத்தைத் தூக்கிக்கொண்டு கரஞ்சியாவின் 'பிளிட்ஸு'க்கு வந்துவிட்டார். 1987 ஜூன் முதல் தேதி அவர் காலமாகும் காலம் வரையில் அது அவருடைய பக்கமாகவே இருந்தது. உருதுப் பதிப்பில் அதற்கு 'ஆஸாத் கலம்' என்று பெயர். சுதந்திரப் பேனா என்று அர்த்தம்.

நாற்பது வருஷம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒன்றாக இரண்டாயிரத்துக்கு மேல் ஆகிறது. இதற்கிடையில் எழுபதுக்கு மேற்பட்ட புத்தகங்கள். சினிமா வேறு! ராஜ்கபூருக்காக 'ஆவாரா'வும் (1951) 'ஸ்ரீ 420'உம் (1955) எழுதியவர் இவர்தான். மதுரையில் ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாதவர்கள்கூட அந்தப் பாட்டுக்களை முணுமுணுத்துக்கொண்டு திரிந்தார்களே! பிறருக்கு எழுதிய படங்களில் வந்த பணத்தைத் தாமே எடுத்த படங்களில் தொலைத்தார். வங்காளப் பஞ்சத்தைப் பற்றி 1946இல் 'தர்த்தி கே லால்' எடுத்தார். பம்பாயில் வீடில்லாத ஒரு ஜோடி சாக்கடைக் குழாய்க்குள் குடித்தனம் நடத்துவதை வைத்து 1963இல் 'ஷெஹர் அவுர் சப்னா' எடுத்தார். ஜனாதிபதியின் தங்கப் பதக்கம் கிடைத்தது. கொட்டகைகளில் கூட்டம் வந்ததா என்று கேட்காதீர்கள். அமிதாப் பச்சனை முதன்முதலில் திரைக்குக் கொண்டுவந்தவர் என்று இன்று இவரை நினைவு வைத்திருக்கிறார்கள். பாவம், அப்படியாவது வைத்திருக்கிறார்களே!

நான் கதை எழுதத் தொடங்கிச் சற்றுப் பெயர் வந்த பிறகு ஒரு வாரப் பத்திரிகைக்காரர் எனக்கும் ஒரு பக்கம் கொடுக்க முன்வந்தார். அப்போது நாவல் ஒன்று பாதியில் கிடந்தது. வாரம் ஒரு பக்கம்தானே என்று உங்களுக்குத் தோன்றும். எழுதுகிறவனுக்கு அது ஒரு பக்கம் அல்ல, ஏழு நாள். வெள்ளிக்கிழமை கொடுத்துவிட்டுச் சனிக்கிழமை எழுந்தால், அடுத்த வெள்ளிக்கிழமை வாசலில் வந்து நிற்கும், பால் பாக்கிக்கு வந்த கோனாரைப் போல. என் நாவலின் கதாநாயகி மூன்று மாதமாக ஒரே ரயில் நிலையத்தில் காத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சமயத்தில்தான் அப்பாஸின் 'இன்கிலாப்' நாவலைத் தேடிப் படித்தேன்.

நல்ல நாவல் என்று சொல்ல எனக்கு ஆசைதான். சொல்ல முடியவில்லை. கதாநாயகன் அன்வரைச் சரித்திரச் சம்பவங்களின் பக்கத்தில் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் நிறுத்துகிறார். அவன் பார்க்கிறான், கலங்குகிறான், அடுத்த சம்பவத்துக்குப் போகிறான். பத்திரிகைக்காரரின் கண் நாவலாசிரியரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே ஓடுகிறது. கடைசிப் பக்கம் இந்த மனிதரின் நாவல்களைத் தின்றுவிட்டது என்றுதான் நினைத்தேன்.

மில் குமாஸ்தாவிடம் சொன்னேன். அவர் கேட்கவேயில்லை. "நாவலைப் படிக்க நேரம் இருக்கிறவன் படிக்கட்டும் தம்பி. ஷிப்டு முடிஞ்சு வர்றவனுக்கு ஒரு பக்கம்தான் ஓடும். அவனுக்கு யார் எழுதுறா?" என்றார். அதற்கு அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போதும் தெரியாது. பக்கத்தை ஒப்புக்கொண்டேன், நாவல் இரண்டு வருஷம் தாமதித்து வந்தது.

அவருக்கும் அப்பாஸிடம் ஒரு மனத்தாங்கல் உண்டு. நேரு குடும்பத்தின் மீது அப்பாஸுக்கு இருந்த பிரியம்தான் அது. இந்திரா காந்தியைப் பற்றி மட்டும் மூன்று புத்தகங்கள் எழுதினார். ஆட்சியைத் தட்டிக் கேட்கிற பேனாவுக்கு ஆட்சியில் இருப்பவரிடம் இத்தனை பாசம் ஆகாது என்பது என் அபிப்பிராயமும்கூட.

ஆனால் அதே மனிதர்தான் அதே ஆட்சியின் மீது வழக்கும் போட்டார். கல்கத்தா, பம்பாய், சென்னை, டில்லி ஆகிய நான்கு நகரங்களிலும் பணக்காரர் வாழ்வையும் ஏழைகள் படும் பாட்டையும் அடுத்தடுத்துக் காட்டி 'நான்கு நகரங்களின் கதை' என்று ஒரு சிறிய படம் எடுத்தார். நம் சென்னையும் அதில் இருந்தது. பம்பாயில் உடலை விற்றுப் பிழைக்கும் பெண்களின் தெருவைக் காட்டியதற்காக, தணிக்கைக்காரர்கள் பெரியவர்களுக்கு மட்டும் என்று முத்திரை குத்தினார்கள். சில காட்சிகளை வெட்டினால்தான் எல்லோருக்கும் காட்டலாம் என்றார்கள். அப்பாஸ் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். வழக்கு நடக்கும்போதே சர்க்கார் இறங்கி வந்தது. வெட்டு ஒன்றும் வேண்டாம், எல்லோரும் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டது.

வேறொருவராக இருந்தால் படப்பெட்டியை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பியிருப்பார். இவரோ மனுவைத் திருத்திக்கொள்ள அனுமதி கேட்டார். என் படம் கிடக்கட்டும், படங்களை முன்கூட்டித் தணிக்கை செய்வதே சரியா என்பதைச் சொல்லுங்கள் என்றார். 1970 செப்டம்பரில் பிரதம நீதிபதி ஹிதாயத்துல்லா தீர்ப்புச் சொன்னார். தணிக்கை செல்லும் என்றும், ஆனால் எதை வெட்டலாம், எதை வெட்டக்கூடாது என்பதற்குத் தெளிவான அளவுகோல் வேண்டும் என்றும் தீர்ப்பாயிற்று. அப்பாஸ் கேட்டது கிடைக்கவில்லை. பம்பாய்க்குத் திரும்பினார். அடுத்த வாரத்துப் பக்கம் காத்திருந்தது.