மேயர்லேண்டில் சுவர் பிரித்த நாட்கள்

2017 செப்டம்பர் தொடக்கத்தில் ஹூஸ்டனின் மேயர்லேண்ட் பகுதிக்குள் கார் நுழைய வழியில்லை. சோபா, மெத்தை, ஃபிரிட்ஜ், ஊறி உப்பிய புத்தகங்கள், உடைத்தெடுத்த சுவர்ப் பலகைகள் எல்லாம் சாலையின் இருபுறமும் ஆளுயரத்துக்குக் குவிந்து கிடந்தன. தெரு முழுக்க ஒரே நாற்றம்.

ஹார்வி புயல் ஆகஸ்ட் 25 இரவு ராக்போர்ட் அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகு வலுவிழந்து போயிருக்க வேண்டும், போகவில்லை. தென்கிழக்கு டெக்சாஸின் மேலேயே சுற்றிக்கொண்டு நாள்கணக்கில் கொட்டியது. நெடர்லாண்ட் என்ற ஊரில் பதிவான மழை 60 அங்குலத்தைத் தாண்டியது. சென்னை ஒரு வருடம் முழுக்க வாங்கும் மழையைவிட அது அதிகம்.

மேயர்லேண்டின் நடுவே பிரேஸ் பேயு என்ற ஓடை ஓடுகிறது. அதன் இரு கரைகளிலும் ஹூஸ்டன் யூதர்கள் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். அவர்களுடைய ஜெபாலயங்கள், பள்ளிகள், சமூக மையம் எல்லாம் அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். 2015 மே மாதம் அங்கே வெள்ளம் வந்தது. 2016 ஏப்ரலில் மறுபடி. ஹார்வி மூன்றாவது.

ஹூஸ்டனை அடுத்த சுகர்லாண்டில் எங்கள் வீட்டுக்கு வந்த தண்ணீர் வாசற்படியோடு திரும்பிவிட்டது. அடுத்து வந்த சனி, ஞாயிறுகளில் வீட்டில் உட்கார மனம் ஒப்பவில்லை. அலுவலக நண்பர் ஒருவர் சொல்லி ‘நெஹாமா’ என்ற யூதத் தொண்டு அமைப்பின் குழுவில் சேர்ந்தேன். 1993இல் மிசிசிப்பி ஆற்றில் பெருவெள்ளம் வந்தபோது மினசோட்டா யூதர்கள் செய்த உதவியிலிருந்து வளர்ந்த அமைப்பு அது. கடப்பாறை, சுத்தியல், தள்ளுவண்டி, முகக்கவசம் எல்லாவற்றையும் ஒரு டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். ஆணி பிடுங்கத் தெரியாதவனுக்கும் அங்கேயே நின்று கற்றுத் தருவார்கள். வீட்டுக்காரரிடம் ஒரு டாலர்கூட வாங்கமாட்டார்கள்.

சுவர் பிரிக்கும் வேலையைப் பற்றி போனில் சொன்னபோது சென்னை முடிச்சூரிலிருந்த அக்காவுக்குப் புரியவில்லை. “நம்ம வீட்ல சேத்த அள்ளிக் கழுவி விட்டாப் போச்சு. அங்க ஏண்டா சுவத்தயே உடைக்கிறீங்க?” என்றாள். இந்த ஊர் வீட்டுச் சுவர் செங்கல் அல்ல. மரச்சட்டத்தின் மேல் ஜிப்சம் பலகை அடித்து, நடுவில் வெயிலும் குளிரும் தாங்கக் கண்ணாடி இழைப் பஞ்சு திணித்திருப்பார்கள். முழங்கால் அளவு தண்ணீர் நின்றால் பலகை அதை இடுப்பு வரை உறிஞ்சிவிடும். இரண்டொரு நாளில் பூஞ்சை பிடிக்கும். பலகையையும் பஞ்சையும் உடனே பிரித்தெடுத்து மரத்தைக் காயவிட்டால் வீடு பிழைக்கும். காலம் கடத்தினால் மரமும் போச்சு. காசு வாங்கிச் செய்பவர்கள் ஆயிரக்கணக்கில் கேட்டார்கள். ஹூஸ்டனில் பெரும்பாலான வீடுகளுக்கு வெள்ளக் காப்பீடும் இல்லை.

நாங்கள் முதலில் போன வீட்டில் எண்பது வயதைத் தொட்ட ஒரு பாட்டி தனியாக இருந்தார். கார் நிறுத்தும் இடத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் குழுத்தலைவி மினசோட்டாவிலிருந்து வந்த இளம்பெண். கடப்பாறையைத் தொடும் முன் அவள் பாட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, “எதையெல்லாம் நாங்கள் தூக்கி எறியக் கூடாது, சொல்லுங்கள்” என்று கேட்டாள்.

பாட்டி நேராகப் பதில் சொல்லவில்லை. “போன வருடமும் இதே சுவரைத்தான் உடைத்தார்கள். புது பெயின்ட் வாசனைகூட இன்னும் போகவில்லை” என்றார். கணவரைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி வெகுநேரம் பேசினார். குழுத்தலைவி ஒருமுறைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. உள்ளே நாங்கள் பத்துப் பேர் கையுறையோடு காத்திருந்தோம். வேலை அப்போதே தொடங்கிவிட்டது என்பதுதான் என் எண்ணம். தன் வீட்டில் எது குப்பை என்று சொல்லும் உரிமை அந்த அம்மாளுக்குத் திரும்பக் கிடைத்தது அந்த அரைமணி நேரத்தில்தான்.

அதன் பிறகு ஒவ்வொரு பெட்டியும் அவர் கண் முன்னால் போய்த்தான் குப்பைக்குப் போனது. அவருடைய அம்மா கைப்பட எழுதிய சமையல் குறிப்பு அட்டைகள் நனைந்து ஒட்டிக்கிடந்தன. ஒரு கல்லூரி மாணவி அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து கார் பானட்டின் மேல் காயவைத்தாள். பிரார்த்தனைப் புத்தகங்களைத் தனியே வைக்கச் சொன்னார் பாட்டி. கடவுளின் பெயர் எழுதிய ஏடு கெட்டுப்போனால் யூதர்கள் குப்பையில் போடுவதில்லை. இடுகாட்டில் மண்ணுக்குள் அடக்கம் செய்வார்கள். பக்கத்துத் தேவாலயத்திலிருந்து வந்த மெக்சிகோ வம்சாவளிப் பையன் ஒருவன் அந்தப் பெட்டியை இரு கைகளாலும் தாங்கி எடுத்துப் போனான். காகிதத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீட்டில் வளர்ந்த எனக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

யூதப் புத்தாண்டு அந்த வருடம் செப்டம்பர் 20 மாலை தொடங்கியது. வழக்கமாகத் தொழும் இடம் பலருக்கு இல்லை. யுனைடெட் ஆர்த்தடாக்ஸ் சினகாக் என்ற ஜெபாலயத்தின் கட்டடம் பிறகு இடித்தே தள்ளப்பட்டது. சமூக மையத்துக்குள்ளும் தண்ணீர் புகுந்திருந்தது; அதே வளாகத்தில் நிவாரணப் பொருள்கள் கொடுத்தார்கள். தன் வீட்டையே இழந்து நின்றவர்கள் மற்றவர்களுக்குத் துடைப்பமும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள்மேல் எனக்கு இருக்கும் மரியாதையை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அவர்களைப் பார்க்கையில் அக்கா வீடு நினைவுக்கு வந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் மூழ்கியபோது நான் இங்கே போனைப் பிடித்துக்கொண்டு தவித்தேன். அக்கா வீட்டுச் சேற்றை அள்ளியவர்கள் தெருமுனைப் பள்ளிவாசலிலிருந்து வந்த பையன்கள். “பேரு கூட கேக்கலடா” என்று அவள் இன்றும் வருந்துவாள்.

மேயர்லேண்ட் வேலைக்கு அடுத்த வாரம் எங்கள் குழுவின் டிரெய்லர் வடகிழக்கு ஹூஸ்டனுக்குப் போனது. ஏழைகள் வசிக்கும் பகுதி. யூதர் யாரும் அந்தத் தெருவில் இருந்ததாகத் தெரியவில்லை. வீட்டுக்காரருக்கு ஸ்பானிஷ் மட்டும்தான் வரும். பள்ளியில் படிக்கும் அவர் மகள் மொழிபெயர்த்தாள். மதம், குடியுரிமை, காப்பீடு என்று யாரும் எதையும் விசாரிக்கவில்லை. குழுத்தலைவி அங்கேயும் தரையில் உட்கார்ந்து அதே கேள்வியைக் கேட்டாள். அப்பாவின் தையல் மெஷினை மட்டும் எறியக் கூடாது என்றாள் அந்த மகள். அதைத் துடைத்து உயரமான இடத்தில் வைத்தோம். அழுகிய உணவோடு இருந்த ஃபிரிட்ஜைத் திறக்காமல் டேப் சுற்றி நான்கு பேராக வெளியே தூக்கிவிட்டு, சுவரில் கோடு கிழித்து உடைக்கத் தொடங்கினோம்.