பன்னிரண்டு நாள் வீடு

துபாயின் பழைய பகுதியான பர் துபாயில், க்ரீக் கரையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது அந்த ஹோட்டல் அபார்ட்மென்ட். கீழே வழக்கமான ரிசப்ஷன், பாஸ்போர்ட் நகல், முன்பணம். ஆனால் மேலே போய்க் கதவைத் திறந்தால் முழு வீடு. இரண்டு படுக்கையறை, ஹால், வாஷிங் மெஷின், அடுப்போடு ஒரு சமையலறை.

"இதுவாடா லாட்ஜு?" என்றார் அம்மா. மகன் சிரித்துக்கொண்டே பெட்டிகளை உள்ளே இழுத்தார்.

பேராவூரணிப் பக்கத்துக் குடும்பம் அது. அம்மா, அப்பா, மனைவி, இரண்டு பிள்ளைகள் என ஐந்து பேர் திருச்சியிலிருந்து விமானம் ஏறியிருந்தார்கள். மகனுக்கு துபாயில் இது ஒன்பதாவது வருடம். ஒரு கடையில் கணக்கு வேலை. தங்குவது டெய்ராவில், ஒரே அறையில் ஆறு பேரோடு ஏழாவது ஆளாக. இங்கே அதற்கு 'பெட் ஸ்பேஸ்' என்று பெயர். ஒரு கட்டில், அதைச் சுற்றி ஒரு திரை, கட்டிலுக்கு அடியில் பெட்டி. மாதம் 4,000 திர்ஹாம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் இருந்தால் மனைவி, பிள்ளைகளை விசா எடுத்து உடன் வைத்துக்கொள்ளலாம். சட்டம் சரி என்றாலும் வீட்டு வாடகை சரி என்று சொல்ல வேண்டுமே! அதனால்தான் இந்தப் பன்னிரண்டு நாள் ஏற்பாடு.

மே மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்குப் பள்ளி விடுமுறை மட்டும் காரணமல்ல. டிசம்பர், ஜனவரியில் இதமான குளிர் இருக்கும், அறை வாடகை எகிறும். வெயில் ஏறினால் வாடகை இறங்கும். அதோடு பில்லில் வரும் சில்லறைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 'டூரிஸம் திர்ஹாம்' என்று ஒரு கட்டணம், ஹோட்டலின் தரத்தைப் பொறுத்து ஓர் இரவுக்கு 7 முதல் 20 திர்ஹாம் வரை. அபார்ட்மென்டில் அது படுக்கையறைக்கு இவ்வளவு என்று கணக்கு. இரண்டு அறை என்றால் இரண்டு மடங்கு. கணக்கு எழுதுகிறவர் என்பதால் மகன் இதை முன்பே விசாரித்து வைத்திருந்தார்.

புறப்படுமுன் போனில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "கசகசா மட்டும் வேண்டாம்மா." அமீரகத்தில் கசகசாவுக்குத் தடை. போதைப்பொருள் சட்டத்தில் மாட்டிக்கொள்ள நேரிடும். அம்மா ஆசையாக அரைத்து வைத்த குருமா பொடியிலேயே கசகசா இருந்தது. "அத்தை, இது வேணாம்" என்று மருமகள் அதை எடுத்து ஊரிலேயே வைத்துவிட்டார். வளைகுடாவுக்குப் போகிறவர்கள் மசாலா டப்பாக்களை ஒருமுறை முகர்ந்து பார்த்துக் கட்டுவது நல்லது.

கசகசாவிலிருந்து தப்பியவர்களை அடுப்பு மடக்கியது. இண்டக்‌ஷன் அடுப்பு. ஊரிலிருந்து சுமந்து வந்த அலுமினிய குக்கரை வைத்தால் அது ஏற்றுக்கொள்ளவே இல்லை. மிக்ஸியின் உருண்டைப் பின்னும் இங்கேயுள்ள சதுரத் துளை பிளக்கில் நுழையவில்லை. அடாப்டர் ஒன்று, அடிகனத்த ஸ்டீல் குக்கர் ஒன்று என்று முதல் நாளே செலவு. மறுநாள் அம்மா காய்ந்த மிளகாய் தாளிக்க, கூரையில் இருந்த புகை அலாரம் அலறியது. ரிசப்ஷனிலிருந்து ஓடிவந்த பையன், எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சைக் காட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். அதன் பிறகு தாளிப்புக்கு முன் ஃபேன் போடும் வேலை பேரனுக்கு.

பகலில் வெளியே தலைகாட்ட முடியவில்லை. பச்சைக் குழாயைத் திறந்தாலே வெந்நீர் வந்தது. மொட்டை மாடித் தொட்டி அப்படிக் காய்கிறது. 'பக்காலா' என்று அழைக்கப்படும் தெருமுனை மளிகைக் கடைக்குப் போன் செய்தால் ஒரு கட்டு கொத்தமல்லியைக்கூட மேலே கொண்டுவந்து கொடுத்தார்கள். மாலையில்தான் ஊர் சுற்றல். 828 மீட்டர் புர்ஜ் கலீஃபாவைக் கீழே நின்று பார்த்த அப்பா, கழுத்து வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டார். மெட்ரோவை ஓட்ட ஆளே இல்லை என்பதைப் பேரன் கடைசிவரை நம்பவில்லை. ரயிலில் தின்றால் 100 திர்ஹாம் அபராதம் என்றதும் அம்மாவின் முறுக்குப் பொட்டலம் பைக்குள் போனது.

அப்பாவுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று: அப்ரா. க்ரீக்கைக் கடக்கும் மரப்படகு, ஆளுக்கு ஒரு திர்ஹாம். நாலு முறை போய் வந்தார். அப்படி ஒருமுறை எதிர்க்கரை நெருங்கும்போது அம்மா கேட்டார்.

"உன் ரூம் இந்தப் பக்கந்தானடா?"

"ஆமாம்மா. கொஞ்சம் உள்ள."

"கூட்டிட்டுப் போயேன்."

"அங்க எல்லாம் ஆம்பளைங்க, டூட்டி முடிஞ்சு தூங்குவாங்கம்மா."

அம்மா அதற்குமேல் கேட்கவில்லை. அன்று இரவு மகனிடம் சொன்னார்: "ஞாயித்துக்கெழம அந்தப் பிள்ளைங்கள இங்க வரச் சொல்லு."

டெய்ராவின் வாட்டர்ஃப்ரன்ட் மார்க்கெட்டில் வஞ்சிரம் வாங்கினார்கள். அங்கே அதற்கு 'கிங் ஃபிஷ்'. ஞாயிறு மதியம் நாலு பேர் வந்தார்கள். கீழே அடையாள அட்டை காட்டிவிட்டு, சட்டையை இன் பண்ணிக்கொண்டு, கையில் பழப்பையோடு. மற்ற இருவருக்கு டூட்டி. ஹாலில் பேப்பர் விரித்துத் தரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். "இன்னும் கொஞ்சம் போட்டுக்க தம்பி" என்று அம்மா குழம்பு ஊற்றிக்கொண்டே இருந்தார். ஒருவர் ஊருக்குப் போய் மூன்று வருடம் ஆகிறதாம். அவர் சாப்பிடும்போது பேசவே இல்லை. இன்னொருவர்தான், போன வருடம் மகனுக்குக் காய்ச்சல் வந்து ஐந்து நாள் படுத்துக் கிடந்ததைச் சொல்லிவிட்டார். ஊரில் யாருக்கும் தெரியாத சேதி. மகன் முறைத்தார். மருமகள் தலை நிமிரவில்லை. "கஞ்சி யாரு வச்சுக் கொடுத்தது?" என்று மட்டும் அம்மா கேட்டார். மூன்று வருடக்காரர் கை உயர்த்தினார். அவர் தட்டில் இன்னொரு மீன் துண்டு விழுந்தது. வராத இருவருக்கும் டப்பாவில் குழம்பு போனது.

பன்னிரண்டாம் நாள் சாவி கொடுக்கும்போது ஒரு பெண் வந்து கரண்டி, தட்டு எல்லாம் எண்ணிப் பார்த்தார். முன்பணம் குறையாமல் திரும்பியது. விமான நிலையம் டெய்ரா பக்கம்தான் என்பதால் டாக்ஸி வழியில் ஒரு சந்தில் நின்றது. புதிதாக வாங்கிய ஸ்டீல் குக்கரை அம்மா மகன் கையில் கொடுத்து, "மேல கொண்டுபோய்க் குடு. காஸ் அடுப்புலயும் வைக்கலாமாம்" என்றார். கண்ணாடி வழியாக, ஏசி பெட்டிகள் வரிசையாகத் தொங்கும் அந்தக் கட்டடத்தின் ஜன்னல்களை அண்ணாந்து பார்த்தபடி இருந்தார்.

ஐந்து நிமிடத்தில் மகன் இறங்கி வந்தார். குழம்பு கொண்டுபோன டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். உள்ளே நிறைய பேரீச்சம்பழம்.