பழமும் பதநீரும்

விருந்தினர்க்கு உணவிடுமுன் பருக ஏதேனும் தருவது தமிழர் இல்லங்களின் வழக்கம். இராமநவமிக்குப் பானகமும் நீர்மோரும், கோடைக்கு நன்னாரி சர்பத்தும் நாம் அறிந்தவையே. இன்று வெளியூர்களில் வாழும் நம் குடும்பங்கள் சிலவற்றில், ஞாயிறு முற்பகல் விருந்திலும் பிறந்தநாள் விழாவிலும் பழத்துண்டுகளை மதுவில் ஊறவைத்துக் கலக்கும் 'காக்டெயில்' இடம்பெறத் தொடங்கியுள்ளது. பானத்தில் பழமிட்டுச் சுவையேற்றும் கலை நமக்குப் புதிதன்று என்பதை எங்கள் ஊரைச் சான்றாகக் கொண்டு கூற விழைகிறோம்.

கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய ஊர். பனையும் தென்னையும் மிகுந்த நிலம் அது. பனையின் பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் இனிய நீர் வடியும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீர். தடவாவிடில் சில மணி நேரத்தில் நொதித்துக் கள். நொதிக்கச் செய்யும் நுண்ணுயிர்களைச் சுண்ணாம்பின் காரம் அடக்கிவிடுகிறது. மரமும் ஒன்று, நீரும் ஒன்று. வேறுபாடு அச்சிறிது சுண்ணாம்பே.

எங்கள் வட்டத்துத் தோப்புகளில் இறக்கும் கள் கேரளத்தின் பல மாவட்டங்களுக்கும் வண்டியேறிச் செல்கிறது. எல்லைக்கு அப்பால் தமிழகத்திலோ 1987 முதல் கள்ளுக்குத் தடை. சட்டம் ஊருக்கு ஊர் மாறினும், நுங்கைத் தோலுரித்துப் பதநீரில் இட்டுப் பனையோலைப் பட்டையில் அருந்தும் இன்பம் இருபுறத்தார்க்கும் பொது. திருநெல்வேலிப் பக்கத்தில் மாங்காயைச் சீவிப் போட்டும் அருந்துவர். இனிப்பில் ஊறிய அப்புளிப்பின் சுவைக்கு நிகர் வேறில்லை.

பதநீர் நெடுவழி தாங்காது. அதனைக் காய்ச்சிய கருப்பட்டி தாங்கும். ஆகவே நகரத்து இல்லத்தில் நாங்கள் செய்வது இது: ஒரு லிட்டர் நீரில் 150 கிராம் கருப்பட்டியைக் கரைத்து, மண் போக வடிகட்டி, ஒரு கொதி விட்டு நன்றாக ஆறவிடுவோம். சிட்டிகை சுக்குத்தூளும் நான்கு ஏலக்காயும் பொடித்திட்டு, எலுமிச்சை ஒன்றைப் பிழிவோம். பின்னரே மாம்பழத் துண்டுகளையும் இளநீர் வழுக்கையையும் சேர்த்து ஒரு மணி நேரம் குளிரவைப்போம். சூட்டில் இட்டால் பழம் குழைந்து மணம் கெடும். இது ஐந்தாறு பேர்க்குப் போதும்.

அண்மையில் நண்பர் ஒருவர் இல்லத்து விழாவில், மதுக்கோப்பை ஏந்திய ஆடவர் மாடிக்குச் சென்றனர். மகளிரும் குழந்தைகளும் கீழ்க்கூடத்தில் தனித்திருந்தனர். ஊரைவிட்டு வந்த நாம் ஆண்டில் சில நாள்களே ஒருங்கு கூடுகிறோம். நம் பிள்ளைகள் தமிழைச் செவியாரக் கேட்பதும் பெரும்பாலும் அந்நாள்களிலேதான். அப்பொழுதும் மாடியென்றும் கூடமென்றும் பிரிந்திருந்தால், பெரியவர் பேச்சு பிள்ளைகள் காதில் விழுவது எங்ஙனம்?

மது அருந்துவதும் விடுப்பதும் அவரவர் விருப்பம். ஆயினும் விழாவின் முதற்பானமேனும் பாட்டியும் பேரனும் ஒரே பாத்திரத்திலிருந்து முகந்து பருகத்தக்கதாக இருத்தல் நன்று. அதற்கு வேண்டுவன ஒரு கட்டிக் கருப்பட்டியும், அந்தந்தப் பருவத்துப் பழமும், ஒரு மணி நேரப் பொறுமையுமே.